காசு யாருக்கு, கிரவுண்டு யாருக்கு? (வாசகர் கேள்வி பதில்)

காலேஜ் ஸ்போர்ட்ஸ் ஃபண்ட மெடல மட்டும் வச்சு பிரிக்கக்கூடாதுன்னு போன இதழ்ல ரெண்டே வரி எழுதினேன், அதுக்கு வந்த லெட்டரும் மெயிலும் பாத்தா இந்த வாரம் வேற எதுவும் எழுத முடியாது போல. ஒரே மாதிரி வந்த கேள்விகள சேத்துட்டேன், ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: சார், நான் ஒரு யுனிவர்சிட்டில ஸ்டூடண்ட் ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி. எங்ககிட்ட 23 கிளப் இருக்கு, வருஷத்துக்கு 10 லட்சம் ஃபண்ட். "கிளப்புக்கெல்லாம் ரேங்க் போட்டு குடு, அந்த ஆர்டர்ல காசு தர்றோம்"னு மேல சொல்லிட்டாங்க. மெடல எண்ணி போட்டா ஒரு நாள்ல முடிஞ்சிடும், ஆனா மனசு ஒப்பல. என்ன பண்றது?
(கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: மனசு ஒப்பலன்னு எழுதியிருக்கீங்கல்ல தம்பி, அந்த உறுத்தல் சரியானது, விட்றாதீங்க. மெடல் வெறும் திறமையால வர்றது இல்ல. போன வருஷம் யாருக்கு கோச் இருந்தாரு, யாருக்கு சாயங்காலம் கிரவுண்டு கிடைச்சுது, யாருக்கு டோர்னமெண்ட் போய்வர டிக்கெட் காசு குடுத்தாங்க, இதெல்லாம் சேந்துதான் மெடலா வருது. அத வச்சே இந்த வருஷ காச பிரிச்சா போன வருஷம் வாங்குனவங்களுக்கே மறுபடியும் போகும், அவங்க மறுபடியும் ஜெயிப்பாங்க, அடுத்த வருஷமும் அவங்களுக்கே போகும், கடைசில பத்து வருஷம் கழிச்சு பாத்தா நாலு கிளப் நல்லா இருக்கும் மீதி பத்தொன்பதும் பேருக்கு இருக்கும்.

இங்கிலாந்துல பக்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, ரெண்டு பழைய அமைப்புங்க சேந்து 2008ல உருவானது. புதன்கிழமை மத்தியானம் ஆனா நாடு முழுக்க யுனிவர்சிட்டி டீமுங்க மோதும், 50க்கும் மேல விளையாட்டு, ஜெயிச்சா பாயிண்ட், எல்லாத்தையும் கூட்டி கடைசில ஒரு பெரிய டேபிள். அந்த டேபிள்ல, இதுக்கு முன்னாடி இருந்த அமைப்போட காலத்தையும் சேத்தா, லஃப்பரோ யுனிவர்சிட்டி 40 வருஷத்துக்கு மேல தொடர்ந்து முதலிடம். அந்த பசங்க உழைக்கலன்னு நான் சொல்லவே மாட்டேன், நல்லாவே உழைக்குறாங்க. ஆனா 50 மீட்டர் நீச்சல் குளமும் நல்ல ட்ராக்கும் முழுநேர கோச்சும் அங்க இருக்கு, அதனால ஸ்கூல்லயே நல்லா ஆடுற பசங்க அங்கதான் சேர ஆசப்படுறாங்க, அவங்க சேந்ததும் பாயிண்ட் வருது, பாயிண்ட் வந்ததும் இன்னும் வசதி வருது. யுனிவர்சிட்டிக்கும் யுனிவர்சிட்டிக்கும் நடுவுல நடக்குற இதே விஷயம் உங்க கேம்பஸ்குள்ள கிளப்புக்கும் கிளப்புக்கும் நடுவுல நடக்கும்.

அதனால நான் சொல்றது ஒண்ணுதான், ஒரே லிஸ்ட் போடாதீங்க. இந்த காசு எதுக்குன்னு மொதல்ல பிரிங்க, அப்புறம் ஒவ்வொரு பங்குக்கும் அதுக்கு தகுந்த அளவுகோல தனியா வைங்க. உங்க 10 லட்சத்தையே எடுத்துப்போம். 3 லட்சத்த பாதுகாப்புக்கும் அடிப்படைக்கும் தனியா எடுத்து வச்சிடுங்க. ஹாக்கி கோல்கீப்பர் பேட், ஹெல்மெட், கிழிஞ்ச ஜூடோ மேட், ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ், இதுக்கெல்லாம் ரேங்கே கிடையாது, 23வது கிளப்போட கோல்கீப்பருக்கும் மூஞ்சில பந்து பட்டா அதே பல்லுதான் உடையும். அடுத்து 3.5 லட்சம், எத்தன பேர் நெஜமா வந்து ஆடுறாங்கங்கறத வச்சு. 2 லட்சம் ரிசல்ட்ட வச்சு. 1 லட்சம், ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆகாத கிளப்புகளுக்கு. 50 ஆயிரம் கையிருப்பு, ஏன்னா நீங்க எதிர்பாக்காத ஒரு டீம் ஜனவரில யுனிவர்சிட்டிகளுக்கு நடுவுல நடக்குற சவுத் ஸோன் போட்டிய தாண்டி ஆல் இந்தியா போட்டிக்கு போயிடும், ரயில் டிக்கெட்டுக்கு காசு இல்லாம பசங்க கைய பிசஞ்சிட்டு நிப்பாங்க.

"நெஜமா வந்து ஆடுறாங்க"ன்னு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. மெம்பர்ஷிப் லிஸ்ட நம்பவே நம்பாதீங்க, ஃபர்ஸ்ட் இயர் பசங்க வந்த முதல் வாரத்துல டேபிள் போட்டு உக்காந்தா யார் வேணா கையெழுத்து போடுவாங்க. செமஸ்டருக்கு ரெண்டு வாரம், முன்கூட்டி சொல்லாம, வேற கிளப்புல இருந்து ஒருத்தர அனுப்பி தலைய எண்ண சொல்லுங்க. அதுலயும் முதல் 25 பேருக்கு ஆளுக்கு முழு மார்க், அதுக்கு மேல வர்றவங்களுக்கு அரை மார்க்னு வைங்க. ஒரு கிளப்ப ஓட்ட பந்து, நெட், கோச்னு ஒரு அடிப்படை செலவு எப்படியும் வந்துடும், 26வது ஆளால அது டபுள் ஆகப்போறது இல்ல, இப்படி வச்சா சின்ன கிளப்பும் மூச்சு விட முடியும், பெரிய கிளப்பும் தன் கூட்டத்துக்கு பலன் பாக்கும்.

ரிசல்ட்டுக்கு மூணு வருஷ சராசரி எடுங்க, ஒரே ஒரு நல்ல பேட்ச்ச வச்சு முடிவு பண்ணாதீங்க. மூணே டீம் வந்த போட்டில வாங்குன தங்கத்தையும் அறுபது டீம் வந்த போட்டில வாங்குன வெண்கலத்தையும் ஒரே தட்டுல வைக்காதீங்க, எத்தன டீம தாண்டி வந்தாங்கன்னு பாருங்க. அப்புறம் ரொம்ப முக்கியமா, இந்த விதிய எல்லாம் ஜூன் மாசமே எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்க. வருஷ கடைசில ரிசல்ட் தெரிஞ்சப்புறம் விதி எழுதுனா, எவ்ளோ நல்ல மனசோட எழுதினாலும் யாரும் நம்ப மாட்டாங்க, நம்பணும்னு அவங்கள கேக்கவும் முடியாது.

கேள்வி: எங்க காலேஜ்ல பெண்கள் ஹாக்கி டீமுக்கு கிரவுண்டு ஸ்லாட் சாயங்காலம் 7 மணி. ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு மூடிடுவாங்க. கேட்டா "பசங்களுக்கும் வாரத்துக்கு மூணு ஸ்லாட், உங்களுக்கும் மூணு ஸ்லாட், சமம்தானம்மா"ன்றாங்க. இப்போ "ஸ்லாட்ட யூஸ் பண்ணல"ன்னு எங்க ரேங்க்க இறக்கி அடுத்த வருஷம் ஒண்ணா குறைக்க போறாங்களாம். நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்?
(திருநெல்வேலி வாசகி)

பதில்: நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. போக முடியாத நேரத்துல குடுத்த ஸ்லாட் ஸ்லாட்டே இல்ல, அத எண்ணிக்கைல சேக்கறதே தப்பு, அதுக்கு மேல அத பயன்படுத்தலன்னு மார்க் குறைக்கறது பெரிய அநியாயம். படிக்கும்போதே கோவம் வந்துச்சு.

இந்த சண்டை அமெரிக்காவுல அம்பது வருஷத்துக்கு மேல நடக்குது, அங்க இருந்து எடுத்துக்க நெறைய இருக்கு. 1972ல டைட்டில் நைன்னு ஒரு சட்டம் வந்துச்சு, அரசு காசு வாங்குற எந்த கல்வி நிலையத்துலயும் ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு. அதுக்கு பின்னாடி வந்த விதிமுறைல ஸ்போர்ட்ஸ்ல சமவாய்ப்பு இருக்கான்னு பாக்க என்னென்ன கவனிக்கணும்னு வரிசையா எழுதியிருக்காங்க: சாமான், பயணச் செலவு, கோச், டிரெஸ்ஸிங் ரூம், கூடவே போட்டியும் பிராக்டிஸும் எந்த நேரத்துல வைக்கிறாங்கன்னும். நேரம்னு தனியா எழுதியிருக்காங்கம்மா. எத்தன ஸ்லாட்னு கேட்டு நிறுத்திக்கல, எந்த ஸ்லாட்னும் கேக்குறாங்க. 1979ல இன்னொரு விளக்கம் வந்துச்சு, மூணுல ஒண்ணாவது நிறைவேறணும்னு. மாணவர்கள்ல பெண்கள் எவ்ளோ பங்கோ வீரர்கள்லயும் ஏறக்குறைய அதே பங்கு இருக்கணும், இல்லன்னா வாய்ப்ப தொடர்ந்து கூட்டிட்டு வந்திருக்கணும், அதுவும் இல்லன்னா ஆட ஆசப்படுற, ஆடத் தகுதி இருக்குற பொண்ணுங்களுக்கு முழுசா இடம் குடுத்திருக்கணும்.

பிரவுன் யுனிவர்சிட்டி கதைய கண்டிப்பா தெரிஞ்சுக்கோங்க. 1991ல பட்ஜெட் இல்லன்னு நாலு டீம யுனிவர்சிட்டி காசுல இருந்து தூக்கி "நன்கொடை வாங்கி நீங்களே ஓட்டிக்கோங்க"ன்னு இறக்கிட்டாங்க. ரெண்டு பெண்கள் டீம், ரெண்டு ஆண்கள் டீம், பாக்க சமம்தான். ஆனா பெண்கள் வாலிபால்ல 37,127 டாலர், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ்ல 24,901 டாலர் மிச்சம் பண்ணாங்க, ஆண்கள் வாட்டர் போலோல வெறும் 9,250, கோல்ஃப்ல 6,545. அதுவும் அப்போ அங்க படிக்கிறவங்கள்ல பெண்கள் பாதிக்கு கொஞ்சம் கம்மி, டீம்ல இருந்தவங்கள்ல பெண்கள் 37 சதவீதம்தான். ஜிம்னாஸ்டிக்ஸ், வாலிபால் பொண்ணுங்க கோர்ட்டுக்கு போனாங்க, வருஷக்கணக்கா நடந்துச்சு, அப்பீல் கோர்ட் ரெண்டு தடவ பொண்ணுங்க பக்கம் சொல்லுச்சு, 1997ல சுப்ரீம் கோர்ட் யுனிவர்சிட்டியோட மனுவ எடுத்துக்கவே இல்ல. ரெண்டுக்கு ரெண்டுன்னு எண்ணி முடிச்சா சமம் ஆயிடாதுன்னு அந்த கேஸ் தெளிவா காட்டிடுச்சு, உங்க மூணுக்கு மூணும் அதே கதைதான்.

எண்ணிக்கைய எப்படியெல்லாம் வளைக்கலாம்னு பாக்க கனெக்டிகட்ல இருக்குற குவின்னிபியாக் யுனிவர்சிட்டி கேஸ் இருக்கு. 2009ல பெண்கள் வாலிபால மூட பாத்தாங்க, பொண்ணுங்க கேஸ் போட்டாங்க. கணக்கு குடுக்குற தேதிக்கு முன்னாடி ஆண்கள் பேஸ்பால் டீம்ல ஆள குறைச்சு அப்புறம் திருப்பி சேத்துக்கிட்டது, பெண்கள் சாஃப்ட்பால்ல ஆள சேத்து தேதி போனதும் எடுத்தது எல்லாம் கோர்ட்ல வெளிய வந்துச்சு. ஒரே பொண்ணு க்ராஸ் கன்ட்ரி, இன்டோர் ட்ராக், அவுட்டோர் ட்ராக்னு மூணு தடவ எண்ணப்பட்ட விஷயமும் வந்துச்சு. 2010ல தீர்ப்பு பொண்ணுங்களுக்கு சாதகம். நான் முன்ன சொன்னேன்ல தலைய நேர்ல போய் எண்ணுங்கன்னு, இதுக்குத்தான்.

நம்ம ஊர்ல அந்த சட்டம் இல்ல, ஆனா வாதம் நம்ம வாதம்தான். ஒரு லெட்டர் எழுதுங்க, அதுல ஹாஸ்டல் டைமிங் காப்பிய இணைச்சிடுங்க. ஸ்லாட்ட எல்லாம் நல்ல நேரம், சுமார் நேரம், மோசமான நேரம்னு மூணா பிரிச்சு ஒவ்வொரு வகையிலயும் ஆண்கள் டீமுக்கு எத்தன, உங்களுக்கு எத்தனன்னு ஒரு பக்கத்துல காட்டுங்க, வேற எதுவும் எழுத வேணாம், அந்த ஒரு பக்கம் போதும். கோரிக்க ரெண்டு: சாயங்காலம் நாலரை டு ஆறு ஸ்லாட் ரெண்டு டீமுக்கும் மாசத்துக்கு மாசம் மாறணும், போக முடியாத ஸ்லாட்டோட கணக்கு ரேங்க்ல வரக்கூடாது. டீம்ல எல்லாரும் கையெழுத்து போடுங்க, கேப்டன் ஒருத்தி மட்டும் போட்டா அந்த பொண்ண தனியா கூப்பிட்டு பேசி மடக்கிடுவாங்க.

கேள்வி: செஸ் கிளப்புக்கு நாலு போர்டு போதும், காசு எதுக்குன்னு மீட்டிங்ல சொல்றாங்க.
(சேலம் வாசகர்)

பதில்: போர்டு போதும், ஆனா டோர்னமெண்ட் என்ட்ரி ஃபீஸ், கிளாக், ராத்திரி பஸ்ஸு, தங்க லாட்ஜு எல்லாம் யார் குடுப்பா? உங்க செலவு சாமான்ல இல்ல, பயணத்துல இருக்கு. அதனால ஆளுக்கு எவ்ளோ செலவுன்னு எழுதி குடுங்க, ரூமுக்கு ஸ்பெஷலா எதுவும் கேக்காதீங்க, காலி கிளாஸ்ரூம் போதும்னு சொல்லுங்க. வசதி எதுவும் கேக்காத கிளப்புக்கு பயணக் காசுல கொஞ்சம் தாராளமா குடுக்கறது நியாயம்தான்.

கேள்வி: நாங்க வருகை, ரிசல்ட், புதுசா சேந்தவங்கன்னு மூணு தலைப்புல கிளப்புகள வரிசைப்படுத்தி, முதலிடத்துக்கு நாலு பாயிண்ட், அடுத்ததுக்கு மூணுன்னு எக்செல்ல போட்டு கூட்டினோம். நாலு கிளப்ல ஹாக்கி முதலிடம். அப்புறம் செஸ்ஸும் டென்னிஸும் "எங்களுக்கு ஃபண்ட் வேணாம்"னு விலகிட்டாங்க. மீதி ரெண்டுக்கும் மறுபடி கூட்டினா கோ-கோ முதலிடம்! ஹாக்கியும் கோ-கோவும் ஒண்ணுமே மாத்திக்கல. ஃபார்முலால தப்பா?
(மதுரை வாசகர்)

பதில்: எக்செல் சரியாத்தான் கூட்டியிருக்கு, முறைலதான் ஓட்ட. நீங்க அனுப்புன ஷீட்ட பாத்தேன். வருகைலயும் புது ஆளுங்கள்லயும் கோ-கோ ஒண்ணு, ஹாக்கி ரெண்டு. ரிசல்ட்ல ஹாக்கி ஒண்ணு, கோ-கோ கடைசி. நாலு கிளப் இருக்கும்போது ஹாக்கிக்கு 3, 3, 4 ஆக 10. கோ-கோவுக்கு 4, 4, 1 ஆக 9. ரெண்டு பேர் விலகினதும் முதலிடத்துக்கு 2, அடுத்ததுக்கு 1, அப்போ கோ-கோவுக்கு 2, 2, 1 ஆக 5, ஹாக்கிக்கு 1, 1, 2 ஆக 4. ரிசல்ட்ல கோ-கோவுக்கும் ஹாக்கிக்கும் நடுவுல செஸ்ஸும் டென்னிஸும் நின்னதாலதான் கோ-கோ அவ்ளோ கீழ தெரிஞ்சுது, நடுவுல நின்னவங்க போனதும் தூரம் சுருங்கிடுச்சு.

இது உங்க காலேஜ் பிரச்சன மட்டும் இல்ல. இப்படி இடத்துக்கு பாயிண்ட் போட்டு கூட்டுற முறைய பதினெட்டாம் நூற்றாண்டுலயே பிரெஞ்சுக்காரர் போர்டா எழுதி வச்சாரு. 1951ல கென்னத் ஆரோங்கற பொருளாதார அறிஞர், பல வரிசைகள சேத்து ஒரே வரிசையா ஆக்கும்போது நாம நியாயம்னு நினைக்கிற சின்ன சின்ன நிபந்தனைகள் எல்லாத்தையும் ஒண்ணா காப்பாத்துற முறை கிடையவே கிடையாதுன்னு கணக்கா நிரூபிச்சாரு, பின்னாடி 1972ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது. சம்பந்தமில்லாத மூணாவது ஆள் வந்தாலோ போனாலோ ரெண்டு பேரோட வரிசை மாறக்கூடாதுங்கறது அந்த நிபந்தனைகள்ல ஒண்ணு, உங்க ஷீட்ல ஒடஞ்சது அதுதான்.

நடைமுறைல தப்பிக்க வழி இருக்கு. "எத்தனாவது இடம்"னு மார்க் போடாம "எவ்ளோ"ன்னு போடுங்க. வாரத்துக்கு சராசரியா 30 பேர் வந்தா முழு மார்க் 10, 15 பேர் வந்தா 5, அளவு முன்னாடியே நிலையா இருக்கணும், பக்கத்து கிளப் யாருன்னு பாக்கக்கூடாது. அப்போ செஸ் இருந்தாலும் போனாலும் கோ-கோவோட மார்க் கோ-கோவோடதுதான். இன்னொண்ணு, ரெண்டு கிளப்புக்கும் மார்க் வித்தியாசம் ரொம்ப கம்மின்னா சமம்னே எழுதிடுங்க. 71.3க்கும் 70.9க்கும் நடுவுல எந்த உண்மையும் இல்ல, அந்த தசமத்துல பசங்க சண்ட போட்டுக்கறத பாத்தா கஷ்டமா இருக்கு.

கேள்வி: 31 வருஷம் பிசிக்கல் டைரக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். நீங்க எழுதுறத பாத்தா ஜெயிக்கிறவனுக்கு மதிப்பே இல்லாத மாதிரி இருக்கு. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுறவனும், சாயங்காலம் பொழுது போக வர்றவனும் ஒண்ணா?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஐயா, வணக்கம். காலைல அஞ்சு மணிக்கு பசங்கள எழுப்பி ஓட வச்ச உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நம்ம ஊர் யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் இவ்ளோ தூரம் வந்துச்சு. ஜெயிக்கிறதுக்கு மதிப்பு உண்டு, அதனாலதான் அதுக்குன்னு தனியா ஒரு பங்கு வைக்க சொன்னேன். அந்த பங்குல மெடல் பேசட்டும், தலை எண்ணிக்க வரக்கூடாது. அதே மாதிரி கூட்டத்துக்குன்னு வச்ச பங்குல மெடல் வரக்கூடாது. ரெண்டையும் கலக்கும்போதுதான் ரெண்டு பேருக்குமே அநியாயம் நடக்குது.

உங்களுக்கு மாகா ட்ராஃபி பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல, மத்த வாசகர்களுக்காக சொல்றேன். மௌலானா அபுல் கலாம் ஆசாத் பேர்ல 1956-57ல இருந்து ஒட்டுமொத்தமா சிறந்து விளங்குற யுனிவர்சிட்டிக்கு மத்திய அரசு குடுக்குற கோப்பை அது. அமிர்தசரஸ் குரு நானக் தேவ் யுனிவர்சிட்டி 20 தடவைக்கு மேல வாங்கியிருக்கு. 2024 விருதுல சண்டிகர் யுனிவர்சிட்டி முதல், லவ்லி புரொஃபஷனல் யுனிவர்சிட்டி ரெண்டாவது, குரு நானக் தேவ் மூணாவது. முதல் ரெண்டும் தனியார். நல்ல வீரர்கள தேடி ஸ்காலர்ஷிப் குடுத்து சேக்குற யுனிவர்சிட்டிங்க மேல வருது, அது தப்பு இல்ல, வீரருக்கு நல்லதுதான். ஆனா அந்த மாதிரி ட்ராஃபி பாயிண்ட்டையே கேம்பஸ்குள்ள காசு பிரிக்குற அளவுகோலா வச்சா, வெளிய இருந்து ரெடியா வந்த வீரர சேத்த கிளப் மேல போகும், முதல் வருஷம் ஸ்டிக்க பிடிக்கவே தெரியாம வந்த பையன மூணு வருஷத்துல யுனிவர்சிட்டி டீம் வரைக்கும் கொண்டுவந்த கிளப் கீழ நிக்கும். நீங்க 31 வருஷத்துல இந்த ரெண்டாவது வேலையத்தான் அதிகம் செஞ்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன். அதுக்கும் மார்க் வேணும் ஐயா, "இங்க வந்து ஆரம்பிச்சு காலேஜ் டீமுக்கு போனவங்க எத்தன பேர்"னு மார்க் ஷீட்ல தனியா ஒரு கட்டம் போடுங்கன்னு உங்க பழைய காலேஜ்ல நீங்களே சொன்னா கேப்பாங்க.

கேள்வி: அண்ணா, நான் இங்கிலாந்துல எம்எஸ்சி படிக்கிறேன், வாலிபால் கிளப்ல ட்ரெஷரர். எங்க ஸ்டூடண்ட்ஸ் யூனியன்ல கிளப்புகள தங்கம், வெள்ளி, வெண்கலம்னு மூணு அடுக்கா பிரிக்கறாங்க. இந்த வருஷம் ஒரே மார்க் வித்தியாசத்துல தங்கத்துல இருந்து வெள்ளிக்கு வந்துட்டோம், காசு பாதியாயிடுச்சு, ஸ்போர்ட்ஸ் ஹால் நேரமும் போச்சு. எப்படி மார்க் போட்டாங்கன்னு கேட்டா "கமிட்டி முடிவு"ன்றாங்க.
(லெஸ்டர் வாசகர்)

பதில்: தம்பி, உங்க கைல சட்டமே இருக்கு. பிரிட்டனோட 1994 கல்விச் சட்டத்தோட 22ஆம் பிரிவ எடுத்து படிங்க. ஸ்டூடண்ட்ஸ் யூனியன் எப்படி நடக்கணும்னு சொல்ற இடத்துல, குழுக்களுக்கும் கிளப்புகளுக்கும் நிதி ஒதுக்குற முறை நியாயமா இருக்கணும், எழுத்துல இருக்கணும், எல்லா மாணவர்களும் தாராளமா பாக்கற மாதிரி இருக்கணும்னு இருக்கு. புகார் குடுக்க ஒரு வழிமுறை இருக்கணும்னும் அதே பிரிவுல இருக்கு. "கமிட்டி முடிவு"ங்கறது எழுத்துல இருக்குற முறை ஆகாது. மரியாதையா ஒரு மெயில் போடுங்க, அந்த பிரிவ குறிப்பிட்டு மார்க் ஷீட்டயும் விதியயும் கேளுங்க. கோயம்புத்தூர் தம்பியும் இந்த ஒரு வரிய அப்படியே எடுத்து உங்க விதிப் புத்தகத்துல போட்டுக்கோங்க, நியாயமா, எழுத்துல, எல்லாரும் பாக்கற மாதிரி.

அடுக்கு முறைல எனக்கு இருக்குற பெரிய வருத்தம் அந்த விளிம்புதான். ஒரு மார்க்குல காசு பாதியாகுதுன்னா அந்த ஒரு மார்க்குக்காக கிளப்புங்க என்ன வேணா செய்யும், பொய் கணக்கும் எழுதும். படி மாதிரி இல்லாம சரிவா இறங்கணும், மார்க் கொஞ்சம் குறைஞ்சா காசும் கொஞ்சம் குறையணும். அதோட ஒரே வருஷத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல யாருக்கும் வெட்டக்கூடாதுன்னு ஒரு வரம்பு கேளுங்க, ஹாலுக்கு புக்கிங் பண்ணி கோச்சுக்கு வாக்கு குடுத்த கிளப் திடீர்னு பாதி காசுல என்ன பண்ணும்.

திடீர்னு வெட்டினா என்ன ஆகும்னு அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில பாத்தோம். 2020 ஜூலைல 36 விளையாட்டுல 11ஐ அடுத்த சீசனோட நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க, ஃபென்சிங், ரெஸ்லிங், ஆண்கள் வாலிபால் எல்லாம் அந்த லிஸ்ட்ல. ஷேன் கிரிஃபித்னு ஒரு ரெஸ்லர், 2021 மார்ச்ல தேசிய சாம்பியன்ஷிப்ல ஸ்டான்ஃபோர்டு பேரே இல்லாத வெறும் கறுப்பு டிரெஸ்ல இறங்கி சாம்பியன் ஆனான். உங்க காலேஜே வேணாம்னு சொன்ன விளையாட்டுல போய் நாட்டுலயே முதலிடம் வாங்குறதுக்கு எவ்ளோ நெஞ்சுரம் வேணும்! ரெண்டே மாசத்துல, மே 2021ல, 11 விளையாட்டும் தொடரும்னு ஸ்டான்ஃபோர்டு சொல்லிடுச்சு. அந்த பசங்களும் பழைய மாணவங்களும் நடுவுல பட்ட பாட்ட யாரும் திருப்பி குடுக்க முடியாது. முடிவெடுக்கறதுக்கு முன்னாடியே கிளப்புங்கள கூப்பிட்டு பேசியிருந்தா அந்த பத்து மாசம் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: சிலம்பம் கிளப் நடத்துறோம், 40 பேர் வர்றாங்க, பாதி பேர் பொண்ணுங்க. எங்க யுனிவர்சிட்டி ரேங்க் விதில "இன்டர் யுனிவர்சிட்டி போட்டில இருக்குற விளையாட்டுக்கு மட்டும் ரிசல்ட் மார்க்"னு இருக்கு, எங்க விளையாட்டு அவங்க லிஸ்ட்ல இல்ல, அதனால எங்களுக்கு நிரந்தரமா சைபர்.
(விருதுநகர் வாசகி)

பதில்: விதி எழுதினவங்க உங்கள நினைச்சு எழுதல, அவ்ளோதான், திருத்த வைக்கலாம். தமிழ்நாட்டுல 2024 ஜனவரில நடந்த கேலோ இந்தியா யூத் கேம்ஸ்ல சிலம்பம் செயல்விளக்க விளையாட்டா இருந்துச்சு, அத எடுத்து காட்டுங்க. கோரிக்கைய இப்படி வைங்க: மார்க் வாங்கவே வழியில்லாத தலைப்ப அந்த கிளப்போட கணக்குல இருந்து எடுத்துட்டு, மீதி தலைப்புல வாங்குன மார்க்க நூத்துக்கு மாத்தணும். எழுதவே விடாத பரிட்சைக்கு சைபர் போடறது நியாயமே இல்ல. அப்புறம் உங்ககிட்ட 40 பேர் வர்றாங்க, பாதி பொண்ணுங்கன்னு சொன்னீங்க, எத்தனையோ பெரிய கிளப்புகளுக்கு இல்லாத பலம் அது, வருகை கணக்குல அத முதல் வரிலயே எழுதுங்க.

கேள்வி: இன்டோர் ஹால் ஒண்ணுதான். பேட்மிண்டன் கிளப் எப்பவும் ரேங்க்ல முதல், அதனால சாயங்காலம் முழுக்க அவங்களுக்குத்தான். கபடி டீம் மழைக்காலத்துல எங்க போறது?
(புதுச்சேரி வாசகர்)

பதில்: காச ரேங்க் வச்சு பிரிக்கறதுலயாவது ஒரு வாதம் இருக்கு, ஹால் நேரத்த ரேங்க் வச்சு பிரிக்கவே கூடாது. காசு வரலன்னா ஒரு கிளப் பழைய பந்த வச்சு ஓட்டும், ஆடற இடமே இல்லன்னா கிளப்பே இல்ல. இடத்துக்கு மொதல்ல எல்லாருக்கும் ஒரு கொறஞ்சபட்ச நேரம், அதுக்கு மேல மிஞ்சுற நேரத்துக்குத்தான் போட்டி.

மிஞ்சுற நேரத்துக்கும் சதுர அடி கணக்கு போட்டு பாருங்க. பேட்மிண்டன் டபுள்ஸ் கோர்ட் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர், ஒரு நேரத்துல நாலு பேர். ஆண்கள் கபடி கோர்ட் 13க்கு 10, ரெண்டு பேட்மிண்டன் கோர்ட்ட விட கம்மியான இடம்தான், ஆனா பதினாலு பேர் ஆடுவாங்க, ரெண்டு பேட்மிண்டன் கோர்ட்ல எட்டு பேர்தான். கபடிக்கு இடமும் கம்மி, நேரம் அதே ஒரு மணி நேரம். இத யாரும் கணக்கு பாக்கறது இல்ல. வெளி கிரவுண்டுலயும் இப்படி யோசிக்கணும், ட்ராக்ல ஓடிட்டு இருக்கும்போதே நடுவுல ஃபுட்பால் ஆடலாம், ஆனா அந்த நேரத்துல ஜாவலின் எறியவே முடியாது, அதனால ஜாவலினுக்கு தனி நேரம் ஒதுக்கியே ஆகணும், அந்த பையன் ஒருத்தனா இருந்தாலும்.

நீங்க கேக்க வேண்டியது அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மட்டும். நம்ம பக்கம் மழ அப்பத்தான், வெளிய மண்ணு சேறாயிடும், பேட்மிண்டனுக்கு வருஷம் முழுக்க ஹால் இருக்கு, உங்களுக்கு அந்த மூணு மாசம்தான் தேவை. வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் மேட் விரிக்க அனுமதி குடுங்க, விரிக்கறதும் சுருட்டறதும் எங்க பொறுப்பு, ஆறரை மணிக்கு ஹால கூட்டி ஒப்படைச்சிடறோம்னு எழுதி குடுங்க. பேட்மிண்டன் கேப்டன்கிட்ட மொதல்ல நேர்ல பேசிட்டு, அவரோட கையெழுத்தையும் சேத்து குடுக்க பாருங்க, செப்டம்பருக்குள்ள முடிச்சிடுங்க.